சாம்பல் மேட்டில் ஒரு கச்சேரி

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் காலை ரயிலில், சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பொன்னேரி வருவதற்குள்ளேயே தூங்கிவிடுகிறார்கள். அத்திப்பட்டுப் புதுநகர் தாண்டி ரயில் பாலமேறும்போது சன்னலோரத்துப் பயணி மட்டும் எட்டிப் பார்க்கிறார். கீழே கொசஸ்தலை ஆறு. பார்க்க அகலம்தான், ஆழம்தான் போய்விட்டது.

காரணம் கண்ணெதிரே புகைகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பலை நீரில் கரைத்து, குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகும், ஒழுகியது ஆற்றில் படியும். இடுப்பளவு, கழுத்தளவு நீரில் நின்று, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் விரலில் இப்போது தட்டுப்படுவது அந்தச் சாம்பல்தான்.

எண்ணூரில், இந்த இடத்தில்தான் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடினார். 2017 பொங்கலன்று வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' கபேர் வாசுகி எழுதியது, மெட்டு ஆர்.கே. ஸ்ரீராம்குமார், படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். சூழலியலாளர் நித்தியானந்த் ஜெயராமனும் தோழர்களும் நடத்திவந்த எண்ணூர்ப் போராட்டத்தின் ஒரு பகுதி அது. ஆனந்தபைரவியில் தொடங்கும் ராகமாலிகைக்குள் மெட்ராஸ் பேச்சு அப்படியே வந்து உட்கார்ந்தது. சபாவில் பாடியிருந்தால் கைதட்டலோடு முடிந்திருக்கும். வாத்தியக்காரர்களோடு சாம்பல் வெளிக்கே வந்து உட்கார்ந்ததால்தான், எண்ணூர் எங்கே என்று தெரியாத மயிலாப்பூர்க்காரரும் வரைபடத்தைத் தேடினார்.

கூவம் ஆற்றுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதுவும் திருவள்ளூர் மாவட்டத்தில் பிறப்பதுதான். அதன் கரையிலேயே கலைப்படைப்புகளை வைக்கலாமென்று கோதே இன்ஸ்டிட்யூட் திட்டமிட்டது, அனுமதி கிடைக்கவில்லை. 2018 பிப்ரவரியில் கண்காட்சி கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக்குள் நடந்தது. நல்ல படைப்புகள்தான், ஆனால் ஆற்றின் நாற்றம் இல்லாத அறையில்.

சரி, பாட்டால் ஆறு சுத்தமானதா? பாட்டு வந்த இரண்டே வாரத்தில், ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அக்டோபரில் கமல்ஹாசன் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார். கேமராக்களும் கூடவே வந்தன. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எண்ணூர்க் கழிமுகத்தை மீட்கச் சொன்னது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெயும் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. படகிலும் வலையிலும் அப்பிய அதை மீனவர்கள் பக்கெட்டாலும் குவளையாலும் வெறுங்கையாலும் அள்ளினார்கள்.

கலை கவனத்தைக் கூட்டிவந்தது, அது பெரிய காரியம். ஆனால் குப்பத்தில் கேட்டால் முதலில் சொல்வது பாட்டைப் பற்றியல்ல: "சாம்பல வாருங்க, ஆழம் வரட்டும்."