வண்டி குடிக்கும் சரக்கு

எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு பாட்டிலைப் பார்த்து வாங்கத் தெரியும் என்பதில் வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. லேபிள், சீல், தேதி எல்லாம் பார்த்து, வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பிடித்து... அப்படி ஒரு கவனம்! அதே ஆசாமியிடம் மெக்கானிக், 'என்ன ஆயில் ஊத்தட்டும்ணே?' என்று கேட்டால், 'ஏதோ நல்லதா ஊத்துப்பா' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

'நல்ல ஆயில்' என்று பொதுவாக ஒன்று கிடையாது சார். உங்கள் வண்டிக்கு ஏற்ற ஆயில் என்றுதான் உண்டு. இதை எங்கள் சித்தப்பா காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்.

சித்தப்பாவுக்கு பாகூர் பக்கம் வாழைத்தோட்டம். விடிகாலையில் ஸ்ப்ளெண்டரில் இலைக்கட்டை ஏற்றி, கரிக்கலாம்பாக்கம், மங்கலம் வழியாக வில்லியனூர் ஓட்டல்களுக்குப் போடுவார். ஏழு மணிக்கு முதல் இட்லி இலையில் விழுந்தாக வேண்டும்!

அவர் மகன் காருக்கு ஊற்றியது போக மீதி ஆயில் கொட்டகையில் இருந்தது. விலை ஒசந்த சரக்கு. 'அம்மாம்பெரிய காருக்கே ஊத்துறான்... பைக்குக்கு ராஜ உபசாரமா இருக்கும்' என்று ஊற்றிவிட்டார். கொஞ்ச நாளில், ஏரிக்கரை மேட்டில் என்ஜின் காட்டுக் கத்தல் கத்துகிறது, வண்டியோ மாட்டுவண்டி வேகத்தில் போகிறது. கிளட்ச் வழுக்கல்! தொடர்ந்து மூன்று நாள் இலை லேட். ஓட்டல்காரர் வேறு ஆளிடம் இலை வாங்க ஆரம்பித்துவிட்டார். கிளட்ச் பிளேட் செலவு தனி.

"ஏன்டா, காருக்கு ஆவுற ஆயிலு இதுக்கு மட்டும் ஏன்டா ஆவல?" என்றார் என்னிடம்.

"சித்தப்பா, கார்ல கிளட்ச் தனியா ஒரு ரூம்ல இருக்கு. பைக்ல என்ஜின், கியர், கிளட்ச் மூணும் ஒரே ஆயில்ல குளிக்குது. வழுக்கணும்னு சில கார் ஆயில்ல மருந்து சேர்க்கிறான். கிளட்ச் வழுக்கினா வண்டி எப்படிப் போகும்?"

இந்தத் தகராறுக்காகவே 1998-ல் ஜப்பான்காரர்கள் 'ஜாஸோ' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தார்கள். கிளட்ச் ஆயிலில் முங்கியிருக்கும் பைக்குகளுக்கு 'எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2'. ஆக்டிவா மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு 'எம்.பி.'. வீட்டம்மாவின் ஸ்கூட்டர் ஆயிலில் மீதியை உங்கள் பைக்கில் ஊற்றும் சிக்கனம் வேண்டாம்!

அடுத்தது அந்த 10டபிள்யூ-30 சமாசாரம். 'டபிள்யூ' என்றால் வின்டர், அதாவது குளிர்காலம். முதல் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. 'நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில்தாண்ணே தாங்கும்' என்று எல்லா வண்டிக்கும் 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் உண்டு. கூழ் கெட்டியாக இருந்தால் நல்லது, ஆயில் அப்படியல்ல. ஸ்ப்ளெண்டருக்குக் கம்பெனி சொல்வது 10டபிள்யூ-30. புல்லட் 350-க்கு 15டபிள்யூ-50. அதன் உடம்பு வேறு, இதன் உடம்பு வேறு.

நம் அப்பாக்கள் காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. டி.வி.எஸ். 50-க்கு பெட்ரோலோடு 2டி ஆயிலைக் கலந்து ஊற்றினால் அது எரிந்து புகையாகப் போய்விடும். 1985-ல் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினோடு ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தது. 'பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு' என்று விளம்பரம் செய்தார்கள். நம் ஆட்கள் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து மறந்துவிட்டார்கள்! ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் உள்ளேயே சுற்றிச் சுற்றி உழைக்கிறது. மாதம் ஒரு முறையாவது வண்டியை சமதரையில் நேராக நிறுத்தி அளவு பாருங்கள். கறுத்துவிட்டதே என்று உடனே பதற வேண்டாம். அழுக்கைத் தன்னோடு இழுத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். மாற்றுவதற்குக் கணக்கு, கிலோமீட்டர்.

எத்தனை கிலோமீட்டர், எந்த எண், எந்த முத்திரை... எல்லாம் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. அதுதான் நம் வீடுகளில் பிளாஸ்டிக் கவர் பிரிக்கப்படாமல் பீரோவில் பத்திரமாகத் தூங்குகிறதே! அதில் இருப்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். காலி பாட்டிலை ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள்; இல்லாவிட்டால் அதில் வேறு எதையாவது நிரப்பி இன்னொருத்தர் தலையில் கட்டிவிடுவார்கள்.

நான் பி.காம். 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டு. எல்லாச் சொத்தும் தேயும், அதற்கு வருஷா வருஷம் ஒரு தொகை ஒதுக்கு என்பார் வாத்தியார். ஆபீஸுக்கும் தோட்டத்துக்கும் ஓடுகிற நம்மை மாதிரி ஆட்களுக்கு பைக்தான் பெரிய சொத்து. ஒரு லிட்டர் ஆயிலைச் செலவுப் பக்கத்தில் எழுதாதீர்கள்.

சித்தப்பா இப்போது வேறு ஓட்டலுக்கு இலை போடுகிறார். பர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு சீட்டு: '10டபிள்யூ-30, எம்.ஏ.'