விலகுவதற்கும் ஒரு கடிதம்

2006ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில், திறந்த பல்கலைக்கழகப் பாடநெறி ஒன்றுக்குப் பதிந்தேன். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதுதான் என்னை இழுத்தது. அச்சிட்ட பாடப் புத்தகங்கள் தந்தார்கள். ஒப்படைகளை எழுதிக் கொடுக்க வேண்டும், நாள் வகுப்புகளுக்கும் போக வேண்டும். ஆசையில் நான்கு பாடங்களை எடுத்தேன்.

அந்த ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. ஊரடங்கும் விலையேற்றமும் வந்தன. சில மாதங்களில், சந்தைக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. புத்தகங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். படிப்பை நிறுத்துகிறேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. யாரிடம், எந்த முகத்தோடு சொல்வது?

2011இல் பழைய பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனேன். ஏசுவார்களோ என்று கால் நடுங்கியது. அங்கிருந்த அக்கா கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

“தங்கச்சி, அப்பவே ஒரு கடிதம் தந்திருக்கலாமே. விலகிறது குற்றமில்லை. சொல்லாமல் நிண்டால்தான் எங்களுக்கு ஒண்டும் தெரியாது.”

புதிதாகப் பதிந்தேன். இம்முறை இரண்டே பாடங்கள். பிள்ளைகள் படுத்த பிறகு குசினி மேசையில் படித்தேன். ஒப்படை கொடுக்கும் திகதிகளைக் கலண்டரில் வட்டமிட்டு வைத்தேன். இரண்டிலும் சித்தியடைந்த செய்தி வந்த அன்று, அவருடைய படத்துக்கு முன்னால் நெடுநேரம் இருந்தேன்.

சகோதரிகளே, தாங்கக்கூடிய அளவு பாடங்களையே எடுங்கள். பதிவுக்கான கடைசித் திகதியையும், இடையில் நின்றால் கட்டிய பணம் என்னவாகும் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். நிற்க நேர்ந்தால் எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். திரும்பிப் போகும் நாளில் அது கைகொடுக்கும்.