பாதிப் பெயர் போட்ட பானை

மதுரைக்காரர்களுக்குக் காளவாசல் என்றால் பஸ் ஏறும் நாற்சந்தி. செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளைக்குத்தான் அந்தப் பெயர் என்பதே பலருக்கு மறந்துபோச்சு. சுட்ட மண்ணைப் பார்க்க நாங்கள் அங்கிருந்து கிளம்பியது பொருத்தம்தான்!

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி. மாமியார், ஏழு வயது மகள், ஒரு தூக்கு புளிசாதம் சகிதம் போய் இறங்கினோம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகப் பானைகள். "அடிப்பிடிச்சுப் போச்சாம்மா?" என்றாள் மகள். இல்லை, சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப்படாத உள்பக்கமும் வாயும் கறுத்துவிடும், வெளிப்பக்கம் சிவக்கும்.

சில ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் கீறியிருந்தது. "அடி ஆத்தி! நாம எவர்சில்வர் குடத்துல பேர் வெட்டுற மாதிரியில்ல இருக்கு!" என்றார் அத்தை. எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்ததாக 2019-ல் வந்த தொல்லியல் துறை அறிக்கை சொல்கிறது. ஆனால் பேருக்கு நடுவிலேயே ஓடு உடைந்திருந்தால்? பக்கத்துத் துண்டு கிடைக்கிறவரை பாதிப் பேர்தான்.

குவியல் குவியலான ஓடுகளில் ஜோடி தேடுவது லேசா? வாய் விளிம்புத் துண்டை, வட்டங்கள் வரைந்த தாளில் வைத்துப் பானையின் வாயகலத்தைக் கணிப்பது பழைய முறை. இப்போது கம்ப்யூட்டரும் கைகொடுக்கிறது. கனம், வளைவு, உடைந்த ஓரம் இவற்றை ஒப்பிட்டு எதோடு எது சேரும் என்று சொல்லும். இத்தாலியின் பைசா பல்கலைக்கழகம் தலைமையில் 2016 முதல் 2019 வரை நடந்த 'ஆர்க்கெய்ட்' திட்டத்தில், ஓட்டைச் செல்போனில் படம் பிடித்தால் அது எந்த வகைப் பானையாக இருக்கலாம் என்று காட்டும்படி செய்தார்கள். முடிவு சொல்வது மனிதர்தான்.

ஒரு சங்கடம். காட்டிக் கொடுத்ததைத்தான் அதற்குத் தெரியும். ரோமானிய ஜாடிகளைப் பார்த்துப் பழகியதிடம் நம்ம ஊர்ப் பானையைக் கொடுத்தால் திருதிருவென்று முழிக்கும். நம் ஓடுகளையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, இன்ன வகை, இன்ன குழியில் இத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிவைத்துப் பழக்க வேண்டும். ஓரம் தேய்ந்துபோன துண்டு வந்தால் அதுவும் கை விரித்துவிடும்.

சாப்பிட்டுவிட்டுத் தென்னந்தோப்புப் பக்கம் நடந்தபோது மகள் கையில் ஓர் ஓடு! பாண்டி விளையாடச் சில்லு வேண்டுமாம். கீழடியிலேயே ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன, ஆசைப்பட்டதில் தப்பில்லை.

"வேண்டாம்டா கண்ணு. அதோட மறுபாதி இங்கேதான் எங்கேயாவது இருக்கும். இடம் மாறிட்டா யாராலயும் சேர்க்க முடியாது" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அத்தைதான் சமாதானம் பண்ணி, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார்.

சாயங்காலம் காளவாசலில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு செங்கல் துண்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.