ஒரு காது இங்கே, ஒரு காது அங்கே

ராயபுரத்தில் எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருந்த அண்ணன் இப்போது வள்ளூரில் இருக்கிறார். போன வாரம் போனில் கூப்பிட்டார். "தம்பி, பையன் டி.ஜே. ஆவப் போறானாம். நீ பி.காம். படிச்சவன். கணக்குப் போட்டுக் காட்டி நிறுத்து."

அத்திப்பட்டு புதுநகரில் ரயிலை விட்டு இறங்கிப் போனேன். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். பையனுக்கு அங்கேதான் கான்ட்ராக்ட் வேலை.

கணக்கு சுலபம். இங்கே மாதாமாதம் சம்பளம். அங்கே முகூர்த்தம் இருந்தால்தான் காசு. ஆடியில் கல்யாணம் கிடையாது. அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்களே என்பீர்கள். அங்கே எல்.ஆர்.ஈஸ்வரியை மிஞ்ச எந்த டி.ஜே.யாலும் முடியாது!

"பட்டனை அமுக்குறதுக்குக் கத்துக்க என்னடா இருக்கு?" என்றேன்.

சிரித்தான். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டான். அந்தக் காதில் அடுத்த பாட்டு, இன்னொரு காதில் கூட்டம் கேட்கும் பாட்டு. ஓடுகிற பாட்டுக்கு நிமிடத்துக்கு 126 தாளம், வரப்போவதற்கு 120 என்றால், ஸ்லைடரை ஐந்து சதவிகிதம் ஏற்ற வேண்டும். நான்கு நான்காக எண்ணிப் பதினாறிலோ முப்பத்திரண்டிலோ நுழைய வேண்டும். இரண்டு பாட்டின் பேஸும் மோதினால் கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் ஒன்றைக் குறைத்துவிட்டுத்தான் மற்றதை ஏற்ற வேண்டும்.

"இதையெல்லாம் மெஷினே செய்யுமாமே?"

"செய்யும் சித்தப்பா. ஆனா நம்ம பழைய பாட்டெல்லாம் ஆளுங்க உக்காந்து வாசிச்சது. வேகம் கூடும், குறையும். மெஷின் குழம்பிடும். காதாலதான் புடிக்கணும்."

எண்பதுகளின் பாட்டு ஒன்றைக் கோத்துக் காட்டினான். துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "சரணத்துல ஓடும்டா. இழுத்துப் புடி." பையன் ஸ்லைடரில் வேகத்தைக் குறைத்தான். சரியாக உட்கார்ந்தது.

எனக்கு நியூயார்க் ஞாபகம் வந்தது. 1973 ஆகஸ்ட் 11, பிராங்க்ஸ். தங்கை வைத்த பார்ட்டியில் பாட்டுப் போட்டான் ஜமைக்காவிலிருந்து குடியேறிய ஒரு பதினெட்டு வயசுப் பையன். டி.ஜே. கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஆட்டம் சூடாகும் இடத்தை மாற்றி மாற்றி நீட்டியவன். ஹிப் ஹாப் அங்கேதான் பிறந்தது என்பார்கள். அவனுக்கும் கைகொடுத்தது அப்பா வாங்கி வைத்த ஸ்பீக்கர் செட்தான்.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"காசு போனா போவுது தம்பி. ஒரு காது இங்க, ஒரு காது அங்கன்றானே... முப்பது வருஷம் கோன் பக்கத்துலயே நின்னேன். எனக்கு இப்ப இருக்கிறதே ஒண்ணு."

இடது காது. தெருவில் யாருக்குமே தெரியாது. கூப்பிட்டால் திரும்பாததைத் திமிர் என்று நினைத்தோம்.

85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 என்றால் கால் மணிதான் என்கிறது அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம். கல்யாண ரிசப்ஷன் எத்தனை மணி நேரம் நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். நான் போட்டு வைத்த வரவு செலவில் இதற்குக் கட்டமே இல்லை.

"பிளான்ட்டுலதான் காதடைப்பான் குடுக்குறாங்களேப்பா" என்றான் பையன்.

அது உதவாது. ஜால்ரா, ஹைஹாட் மாதிரி கூர்மையான சத்தத்தை மட்டும் அதிகமாக அமுக்கிவிடும், பாட்டு மந்தமாகக் கேட்கும். எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைக்கிற மாதிரி பாட்டுக்காரர்களுக்கென்றே தனியாக ஒன்று இருக்கிறது என்றேன்.

அண்ணன் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"அது இன்னா வெலை?"