பட்டாணி உரிக்கும் வெயில்

எங்கள் வீட்டில் சப்பாத்தி போட்டால் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த நினைப்போடுதான் மாற்றலாகி டெல்லி மோதி பாக் அரசுக் குடியிருப்புக்குப் போனேன். வாரம் தவறாமல் ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போய் முருகனைக் கும்பிட்டு, திரும்பும்போது கறிவேப்பிலை வாங்கி வருவேன். கறிவேப்பிலைக்குக் காசு கொடுத்த முதல் ஊர் எனக்கு அதுதான். ஆனால் அதே ஊரில் தள்ளுவண்டிக்காரர் அரைக் கிலோ தக்காளி வாங்கினாலே ஒரு பிடி கொத்தமல்லியும் நாலு பச்சைமிளகாயும் பையில் போட்டுவிடுவார். போட மறந்தால் பஞ்சாபிப் பெண்கள் வண்டியை நகரவிடமாட்டார்கள். நம்மூர்க் கொசுறுதான், இலை மட்டும் வேறு.

டிசம்பரில் என் வாய் கட்சி மாறியது. பட்டாணி என்றால் அதுவரை எனக்கு ராத்திரி ஊறப்போடும் கல்மாதிரி உருண்டை. இங்கே கீழ்வீட்டு அம்மாள் புல்வெளியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, வெயில் காய்ந்தபடி கிலோக்கணக்கில் பச்சைப் பட்டாணி உரிப்பார். பேச்சு நிற்காது, விரலும் நிற்காது. ஒருநாள் “லோ பேட்டா” என்று ஒரு கை நிறையக் கொடுத்தார். பச்சையாகவா என்று தயங்கி வாயில் போட்டேன். பால் கோத்த இனிப்பு. 1948இல் பிரான்ஸில் குடியேறிய அமெரிக்கப் பெண்மணி ஜூலியா சைல்ட், வந்திறங்கிய கையோடு ரூவான் நகரில் சாப்பிட்ட மீனைப் பற்றி ஆயுசுக்கும் பேசினார். எனக்கு மீனெல்லாம் வேண்டியிருக்கவில்லை; உரித்த பட்டாணியே போதுமாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. சாம்பாரில் மட்டுமே பார்த்திருந்த முள்ளங்கி, உப்பும் எலுமிச்சையும் தடவிப் பச்சையாக. துருவி மாவுக்குள் வைத்தால் மூலி பராட்டா. ஊட்டி கேரட்டுக்குச் சொந்தம் என்றே சொல்லமுடியாத ரத்தச் சிவப்புக் கேரட். கடுகுக் கீரையும் சோள ரொட்டியும். கடலைமாவு கரைத்துப் பக்கோடா மிதக்கவிட்ட ‘கடி’யை முதலில் முறைத்துப் பார்த்தேன், பிறகு புரிந்தது, நம் மோர்க்குழம்புக்கு ஒன்றுவிட்ட அத்தை. ராஜ்மாவோடு மட்டும் இன்றைக்கும் முழுச் சமாதானம் இல்லை.

சப்பாத்தி விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது குருத்வாரா மோதி பாக் சாகிப். 1707இல் டெல்லி வந்தபோது குரு கோவிந்த் சிங் தங்கிய இடம். அங்கிருந்து செங்கோட்டைக்கே அம்பு எய்தார் என்று கதை சொல்வார்கள். லங்கர் என்னும் பொதுப் பந்தியில் எல்லோரும் தரையில் வரிசையாக உட்காரவேண்டும். ரொட்டியை அங்கே ரொட்டி என்பதில்லை, ‘பர்ஷாதா’. இரண்டு கைகளையும் ஏந்தினால்தான் கிடைக்கும். ஒற்றைக் கையை நீட்டிய என்னைப் பக்கத்துப் பெரியவர் முழங்கையால் இடித்துத் திருத்தினார். கைக்கு வந்தபோது சூடு பொறுக்கவில்லை. கூடவே பருப்பு, ஒரு காய், கீர். எங்கள் வீட்டில் ஹாட்பாக்ஸில் அடைத்து வியர்க்கவைத்துப் பரிமாறியது சப்பாத்தியே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாவம் அப்பா.

சாயங்காலங்களில் தெருமுனையில் சக்கர்கந்திக்காரர். நம் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். கரித்தணலில் சுட்டு, தோலுரித்துத் துண்டாக்கி, எலுமிச்சையும் காரப்பொடியும் போட்டுக் குலுக்கித் தருவார். பனிமூட்டத்தில் அவர் தணல் மட்டும்தான் தெரியும்.

மாற்றல் உத்தரவு அடுத்த குளிர்காலத்தில் வந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கிளம்பும் அன்று கீழ்வீட்டு அம்மாள் வெந்தயக்கீரைப் பராட்டா பன்னிரண்டு, மாங்காய் ஊறுகாயோடு கட்டிக் கொடுத்தார். “மெட்ராஸ் வரைக்கும் கெடாது” என்றார். மெட்ராஸ் எங்கே, நாக்பூர் வருவதற்குள்ளேயே பொட்டலத்தில் எண்ணெய்க்கறை மட்டும்தான் மிச்சம்.