எத்தனை மாசம் பொறுக்கணும்?

திங்கள் முதல் வெள்ளி வரை நான் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் சிப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளர். சனிக்கிழமை டுரியான் துங்கலில், என் பல்கலைக்கழகமான யுடெம் ஆய்வகத்தில், ரப்பர் துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்க்கும் ஆய்வு உதவியாளர். ஞாயிற்றுக்கிழமை, சமையலும் துணி துவைப்பதும் முடிந்த பிறகு, முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதுகிறவள். வயது இருபத்து மூன்று. ஜாசின் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டில் பாட்டி, அம்மா, ஐந்தாம் படிவம் படிக்கும் தம்பி ஆகியோரோடு இருக்கிறேன்.

“எப்படிம்மா எல்லாத்தையும் சமாளிக்கிற?” என்று கோயிலில் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நேரத்தைப் பற்றி. நேரத்தைப் பங்கு போட ஒரு மோட்டார் சைக்கிளும் கைப்பேசியில் ஒரு நாள்காட்டியும் போதும். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி வேறு. நான் இன்னும் இரண்டு ஆண்டு படித்தால், அந்த இரண்டு ஆண்டுக்கும் இந்த வீட்டில் யார் சம்பாதிப்பது?

போன மாதம் அந்தக் கேள்வி ஒரு கெடுவோடு வந்து நின்றது. பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை தருவதாகத் தொழிற்சாலையில் சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். அதே வாரம் என் ஆய்வு மேற்பார்வையாளர், தம்முடைய ஆய்வு நிதியில் பட்டதாரி ஆய்வு உதவியாளர் ஒருவருக்கு இடம் இருப்பதாகச் சொன்னார். ஆய்வு வழி முதுகலை, இரண்டு ஆண்டு. மாதம் கிடைக்கும் உதவித்தொகை தொழிற்சாலைச் சம்பளத்தில் பாதியைத் தொடாது. இரண்டுமே நல்ல வாய்ப்புகள். சிக்கலே அதில்தான் இருந்தது.

என் ஆய்வு ரப்பரைப் பற்றியது. இயந்திரங்களின் அடியில் அதிர்வைத் தாங்க வைக்கும் ரப்பர்க் கட்டைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ரப்பரை உறுதியாக்கக் கரித்தூள் சேர்ப்பது வழக்கம். அதில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செம்பனை ஆலைக் கொதிகலனில் எரிந்து மிஞ்சும் சாம்பலைச் சேர்க்க முடியுமா என்று பார்க்கிறோம். அந்தச் சாம்பலில் சிலிக்கா இருக்கிறது. கலவை செய்து, கந்தகம் சேர்த்து, சூட்டில் அழுத்தி, தகடாக்கி, சிறு துண்டுகளாக வெட்டி இழுப்பேன். எவ்வளவு இழுத்தால் அறுகிறது, இழுத்து விடும்போது எவ்வளவு சக்தியை ரப்பர் தனக்குள் விழுங்கிக்கொள்கிறது என்று அளப்பேன். விழுங்கும் சக்தி கூடினால் அதிர்வு குறையும்.

இதை வீட்டில் விளக்கியபோது அம்மா சொன்னார்: “ரப்பரை விட்டு வெளியே வரத்தானே உன்னைப் படிக்க வச்சோம். நீ திரும்ப அதுக்குள்ளேயே போறியே!”

அம்மா சொன்னதில் எங்கள் குடும்பத்தின் வரலாறு முழுக்க இருக்கிறது. ரப்பர் விதைகள் 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போய், மறு ஆண்டு 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவில் அதை முதன்முதலில் வணிகப் பயிராக நட்டது நம் மலாக்காவில்தான். டான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார்; பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய தோட்டம் போட்டார். அந்த அசாஹான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் என் பாட்டி பதினான்கு வயதில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் இறங்கி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த கை அது. பின்னாளில் தோட்டம் செம்பனைக்கு மாறியது. லயத்தை விட்டு வெளியேறினோம். இப்போது அதே செம்பனையின் சாம்பலை அதே ரப்பரோடு நான் கலக்கிறேன் என்றால் பாட்டிக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் நான் பார்க்கும் ரப்பர் வேறு இடங்களுக்கும் போயிருக்கிறது. ரப்பரையும் எஃகுத் தகடுகளையும் மாறி மாறி அடுக்கி ஒட்டினால், மேலிருந்து வரும் பாரத்தை அது தாங்கும். பக்கவாட்டு அசைவுக்கு மட்டும் வளைந்து கொடுக்கும். கட்டடத்தின் அடியில் அப்படிப்பட்ட தாங்கிகளை வைத்தால், நிலநடுக்கத்தின்போது தரையின் ஆட்டம் முழுதும் மேலே ஏறாது. 1985இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தை இந்த முறையில் எழுப்பினார்கள். அதற்கான இயற்கை ரப்பர்க் கலவையை உருவாக்கியது இங்கிலாந்தின் ஹெர்ட்போர்டில் மலேசிய ரப்பர்த் துறை நடத்தும் ஆய்வு மையம். இன்று அதன் பெயர் துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம். 2014இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலத்தின் அடியிலும் இந்த வகை ரப்பர்த் தாங்கிகள் இருக்கின்றன. என்றைக்காவது அந்த ஹெர்ட்போர்டு மையத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

ஆசையை அம்மாவிடம் சொல்லிவிடலாம். கணக்கைச் சொல்வதுதான் கடினம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, தம்பியின் பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அம்மாவும் நானும் உட்கார்ந்து எழுதினோம். அம்மா ஆயர் குரோவில் ஒரு தங்கும் விடுதியில் துப்புரவு வேலை செய்கிறார். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதுதான் அவர் சம்பளம். சேமநிதியும் சொக்சோவும் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. வீட்டுத் தவணை, மின்சாரம், தண்ணீர், மளிகை, தம்பியின் டியூஷன், என் பெட்ரோல். பாட்டிக்கு அரசாங்கக் கிளினிக்கில் செலவு பெரிதில்லை. ஆனால் அங்கே போய்வர வண்டி வேண்டும். இந்தச் செலவுகளில் ஓட்டை விழாமல் இருப்பதற்குக் காரணம் என் பயிற்சிக் கால உதவித்தொகை. அது இந்தப் பருவத்தோடு நிற்கும்.

என் கல்விக் கடனும் இருக்கிறது. முதல் வகுப்பில் தேறினால் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குப் பெறலாம். அந்த நம்பிக்கை எனக்கு உண்டு. ஆனால் இன்னும் வராத தேர்வு முடிவை வைத்து மளிகைக் கணக்குப் போட முடியாது. அந்த வரியைக் காலியாக விட்டோம்.

எல்லாவற்றையும் எழுதிக் கூட்டி முடித்த பிறகு, “படிக்க வேண்டாம்” என்று அம்மா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை மாசம் பொறுக்கணும்?”

அந்தக் கேள்வியை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் குடும்பங்களில் படிப்பைத் தடுப்பவர்கள் குறைவு. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றுபோன பெற்றோர்கூடப் பிள்ளை படிக்கிறேன் என்றால் நகையை அடகு வைக்கிறார்கள். அவர்களை வாட்டுவது முடிவு தெரியாத காத்திருப்பு. “படிப்பு முடியட்டும்மா”, “வேலை கிடைக்கட்டும்மா” என்கிறோம். அதில் தேதி இல்லை. டிப்ளோமா முடிந்தால் பட்டம், பட்டம் முடிந்தால் பயிற்சி, பயிற்சி முடிந்தால் இன்னொரு விண்ணப்பம். அவர்கள் மட்டும் முழங்கால் வலியோடு ஒவ்வொரு மாதமும் வேலைக்குப் போகிறார்கள். நமக்குப் படிக்கக் கிடைக்கும் காலம் அவர்கள் வாழ்க்கையிலிருந்து கடனாக வருகிறது. வங்கிக் கடனுக்குக் கூடத் தவணை அட்டவணை உண்டு. இதற்கு இல்லை.

பாட்டி வேறு பக்கத்திலிருந்து வந்தார். “தினம் தினம் வெட்டினா மரம் காஞ்சுபோயிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டணும்” என்றார். ஆய்வாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: வெட்டிய பட்டையில் பால் மீண்டும் ஊற அவகாசம் வேண்டும், ஓய்வில்லாமல் வெட்டிய மரத்தில் வெட்டுப்பட்டை வறண்டு, பால் நின்றே போகும். பாட்டி என்னைப் பற்றிச் சொல்வதாக நினைத்தேன். பிறகு பார்த்தால் அவர் கண் அம்மாமேல் இருந்தது.

தொழிற்சாலை வேலையை ஏற்றுக்கொள்வதாக முடிவு செய்தேன். இருபத்து நான்கு மாதம். அந்த எண்ணை அம்மாவிடம் சொன்னேன்.

இதில் இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். மேற்பார்வையாளரின் நிதியில் இருந்த இடம் இன்னொருவருக்குப் போகும். “இடம் காத்திருக்காது. நீ எடுத்த அளவுகள் காத்திருக்கும். கட்டுரையை முடி” என்றார் அவர். அன்று வீட்டுக்கு வரும் வழியில் கொஞ்ச நேரம் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

“வேலைக்குப் போனவங்க திரும்பிப் படிச்சதை நான் பார்த்ததில்லை” என்றார் பெரியப்பா மகன். அவர் பேச்சை ஒதுக்க முடியாது. ஏன் திரும்புவதில்லை என்று அவரையே கேட்டேன். முதல் சம்பளத்தில் கார் எடுப்பார்களாம். நம் நாட்டில் கார்க் கடனை ஒன்பது ஆண்டு வரை இழுக்கலாம். ஒன்பது ஆண்டு தவணை கட்ட வேண்டியவர் இரண்டாம் ஆண்டில் வேலையை விட்டுப் படிக்கப் போவாரா? எனவே எங்கள் வீட்டு முதல் விதி: இருபத்து நான்கு மாதத்துக்குக் கார் இல்லை. இது அம்மா போட்ட விதி.

மற்ற விதிகள் நான் போட்டவை. ஆய்வுக் கட்டுரை முடியும் வரை சனிக்கிழமை ஆய்வகத்துக்கு. என் வேலை இன்னும் நினைவில் இருக்கும்போதே மேற்பார்வையாளரிடம் பரிந்துரைக் கடிதம். சம்பளம் வந்த அன்றே படிப்புக்கென்று தனிக் கணக்கில் ஒரு தொகை. அதன் அட்டை அம்மாவிடம் இருக்கும். வீட்டுக்குத் தரும் தொகை முன்பே பேசி முடித்தது, மாதத்துக்கு மாதம் மாறாது.

கணக்குப் போடும்போது இன்னொன்றும் தெரிந்தது. இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைக்குச் செவனிங் என்ற உபகாரச் சம்பளம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். வாரம் 40 மணி என்றால் 70 வாரம். என் இருபத்து நான்கு மாதத்துக்குள் அது அடங்கிவிடும். வேலைக்குப் போனால் படிப்புக் கதவு மூடிவிடும் என்று பயந்திருந்தேன். இந்த ஒரு கதவாவது வேலை செய்தவர்களுக்குத்தான் திறக்கிறது. கிடைக்கும் என்று சொல்லவில்லை. கேட்கும் தகுதி வரும். கிடைக்காவிட்டால் டுரியான் துங்கலிலேயே மீண்டும் கேட்பேன். 2027இல் எந்த வழி என்றாலும், வீட்டில் இருப்பவர்களுக்குத் தேதி தெரியும்.

இதையெல்லாம் என்னைப் போன்ற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். பயிற்சி, ஆய்வு, மேற்படிப்பு என்று மூன்றையும் கையில் வைத்திருப்பவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து, வீட்டில் யாருடைய சம்பளத்தில் நாம் படிக்கிறோமோ அவரோடு சேர்ந்து எழுதிப் பாருங்கள். நீங்கள் ஆய்வையே தேர்ந்தெடுக்கலாம். உங்கள் வீட்டுக் கணக்கு அதைத் தாங்கலாம். மாதம் எத்தனை என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பெற்றோரும் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்டால் பிள்ளை மனம் உடையும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வி தெம்பாகத்தான் இருந்தது.

நாளை காலை தொழிற்சாலையில் கையெழுத்துப் போடுகிறேன். ஆய்வகத்தில் பன்னிரண்டு ரப்பர்த் துண்டுகள் 70 பாகைச் சூட்டில் அடுப்புக்குள் இருக்கின்றன. ரப்பர் எப்படி மூப்படைகிறது என்று பார்க்க ஏழு நாள் அப்படியே இருக்க வேண்டும். நேற்றுதான் வைத்தேன். வரும் சனிக்கிழமை எடுக்கும்போது கூட வருவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.