மூன்றாம் பிரதி

இந்த வருட மலருக்குப் பழைய மாணவன் என்ற முறையில் ஏதாவது எழுதித் தரும்படி மலர்க் குழுத் தம்பிகள் கேட்டார்கள். "வாழ்க்கையில முன்னேறுவது எப்படின்னு எழுதுங்கண்ணே" என்றான் ஒருவன். அது எனக்கே இன்னும் பிடிபடவில்லை! ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன்.

1993 முதல் 1996 வரை இங்கே எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். அந்த மூன்று வருடமும் நான் ஒரு பைத்தியம். கிரிக்கெட் பைத்தியம் அல்ல, ரசிகர் மன்றப் பைத்தியமும் அல்ல. பழைய பிரிட்டிஷ் படங்களின் வீடியோ பிரதிகளைத் தேடிச் சேர்க்கிற, மாற்றிக் கொள்கிற பைத்தியம். ஹாஸ்டலில் எனக்கு 'துரை' என்றே பெயர். அந்தக் காலத்தில் நான் ஒரு பெரியவருக்குச் செய்த சின்னத்தனத்தை இதுவரை எழுதியதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். என் தாய்மாமா லண்டனில் வேலை பார்த்தார். 1994-இல் லீவுக்கு வந்தபோது, அவர் பெட்டியில் சட்டைத்துணி, சாக்லேட்டோடு ஒரு வீடியோ கேசட்டும் இருந்தது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு டி.வி.யில போட்டான்டா. டைமர் வெச்சுட்டுத் தூங்கிட்டேன். லைட்ஹவுஸ் படம். உனக்குப் புடிக்கும்" என்றார்.

படம் 'தி ஃபாண்டம் லைட்'. 1935-இல் மைக்கேல் பவல் இயக்கியது. வேல்ஸ் கடற்கரையில் ஒரு கலங்கரை விளக்கம். அதற்குப் புதிதாகப் பொறுப்பேற்க வருகிறார் ஒரு ஆள், நடிகர் கார்டன் ஹார்க்கர். ஊர்க்காரர்கள் அவரைப் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். இரவில் எங்கிருந்தோ ஒரு பொய் விளக்கு எரிகிறது. அதை நம்பி வருகிற கப்பல் பாறையில் மோதும். சுமார் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு அரை மணி, அவ்வளவுதான் படம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் நாகை கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுற்றுவது தெரியும். படத்தில் பாதி இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் அந்த விளக்கு அறை, இரும்புப் படி, கடல் மூட்டம் எல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒரே வாரத்தில் நான்கு தடவை பார்த்தேன்.

இங்கே ஒரு டெக்னிக்கல் விஷயம். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட்டாக இருந்தால் எங்கள் வீட்டு டெக்கில் படம் உருண்டு ஓடியிருக்கும். அவர்களுக்கு 525 கோடு, என்.டி.எஸ்.சி. முறை. பிரிட்டனுக்கும் நமக்கும் 625 கோடு, பால் முறை. அதனால் லண்டனில் பதிவான கேசட் நாகப்பட்டினத்தில் அப்படியே ஓடியது. என் பைத்தியத்துக்கு அடிப்படைக் காரணமே இந்தப் பொருத்தம்தான் என்றால் மிகையாகாது!

அப்புறம் சென்னை பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்து கொண்டேன். 1927-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. ஹாலிவுட் படங்களே தியேட்டர்களை அடைத்துக் கொண்டதால், உள்நாட்டுப் படத்தையும் இத்தனை சதவீதம் காட்டியே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். தியேட்டர்களுக்கு 5 சதவீதத்தில் ஆரம்பித்துப் பின்னால் 20 வரை போனது. கணக்கு காட்ட வேண்டுமே என்று அமெரிக்கக் கம்பெனிகளே அங்கே மலிவுப் படங்களை எடுக்க வைத்தன. ஓர் அடி ஃபிலிமுக்கு ஒரு பவுன் என்ற கணக்கில் கூலி! நாம் கடைசி நாளில் ரெக்கார்ட் நோட்டு முடிக்கிற மாதிரிதான். இவற்றுக்குக் 'கோட்டா குவிக்கி' என்றே கேலிப் பெயர். பின்னாளில் 'தி ரெட் ஷூஸ்' (1948) எடுத்து உலகப்புகழ் பெற்ற மைக்கேல் பவல் தொழில் கற்றது இந்த அவசரப் படங்களில்தான்.

இதில் வருத்தம் என்னவென்றால், அவற்றில் பல இன்று இல்லை. பவல் இயக்கிய முதல் படமான 'டூ க்ரவுடட் அவர்ஸ்' (1931) ஒரு பிரதிகூட அகப்படவில்லை. ஹிட்ச்காக்கின் இரண்டாவது படமான 'தி மவுண்டன் ஈகிள்' நிலைமையும் அதே. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், நாளாக ஆகப் பொடியாகிவிடும். ஓடி முடிந்த சுருளை வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. 'பழைய படத்தை யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற ஒரே எண்ணம்தான்.

இதைப் படித்ததும் என் கையில் இருந்த கேசட் தங்கக்கட்டி மாதிரி தோன்றியது. லண்டனில் ஆவணக் காப்பகத்தில் அந்தப் படம் பத்திரமாகவே இருந்திருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் வேறு யாரிடம் இருக்கும், சொல்லுங்கள்!

மெல்ல மெல்ல என்னைப் போன்ற ஏழெட்டுப் பேர் அறிமுகமானார்கள். சென்னை, திருச்சி, பெங்களூரில் இருந்தார்கள். எல்லாருக்கும் வெளிநாட்டில் ஓர் உறவுக்காரர் இருப்பார். இன்லேண்ட் லெட்டரில் பட்டியல் எழுதி அனுப்புவோம். படத்தின் பெயர், வருடம், எத்தனை நிமிடம், எத்தனையாவது பிரதி. ஒன்றுக்கு ஒன்று மாற்று, காசு வாங்கக் கூடாது, காலி கேசட்டும் தபால் செலவும் அவரவர் பொறுப்பு. இதுதான் எங்கள் சட்டதிட்டம். உண்மையான சட்டப்படி பார்த்தால், காசு வாங்காவிட்டாலும் படத்தின் உரிமை நம்முடையது இல்லை. அது அன்றைக்கு எங்கள் மண்டையில் ஏறவில்லை. ஒரு வீடியோ கடையில் மாலையில் ரிப்பேர் வேலை செய்வேன். கடை மூடிய பிறகு இரண்டு டெக்கைக் கேபிளால் இணைத்து ராத்திரியெல்லாம் பதிவு செய்வேன். மறுநாள் முதல் பீரியடில் தூங்குவேன்.

பட்டியலில் 'எத்தனையாவது பிரதி' என்பதற்குத்தான் மதிப்பு. டி.வி. நிலையம் அனுப்பும் படத்தில் 5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விவரம் உண்டு. வி.எச்.எஸ். நாடாவில் ஏறுவது ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ்தான். அதிலிருந்து பிரதி எடுத்தால் இன்னும் கொஞ்சம் போகும், இரைச்சல் கூடும். மூன்றாம் பிரதியில் முகத்தின் ஓரம் கரைந்து, கறுப்பெல்லாம் சாம்பலாகி, மேலே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் ஃபைலை ஆயிரம் தடவை காப்பி செய்தாலும் அப்படியே இருப்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் ஒரு படி இறக்கம்.

எங்கள் கூட்டத்திலேயே மூத்தவர் பெரம்பூர்ப் பெரியவர். ஆங்கிலோ இந்தியர். ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். அக்கா இங்கிலாந்தில் இருந்து கேசட் அனுப்புவார். 1995-இல் சென்னைக்கு இன்ப்ளாண்ட் டிரெய்னிங் போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். என் பட்டியலில் 'ஃபாண்டம் லைட்'டைப் பார்த்ததும் அவர் கை அதிலேயே நின்றுவிட்டது.

"தம்பி, இத நான் பதினோரு வயசுல பாத்தேன். ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல ஸ்க்ரீன் கட்டிப் போட்டாங்க. எங்கண்ணன் தோள் மேல ஒக்காந்து பாத்தேன். அவன் அப்புறம் கப்பலேறிப் போனவன், திரும்பியே வரல. இது ஒண்ணு மட்டும் மாஸ்டர்லேர்ந்து நேரா போட்டுக் குடுப்பா."

"கண்டிப்பா சார்" என்றேன்.

மாற்றாக அவர் கொடுத்தது 'எலிஃபண்ட் பாய்' (1937). மைசூர் யானைக் கொட்டடியில் இருந்த சாபு என்ற பையனை லண்டன் கம்பெனி கண்டுபிடித்து நடிக்க வைத்த படம். அவரிடம் இருந்த நல்ல பிரதியிலிருந்தே எடுத்து, உறையில் அழகாகத் தலைப்பு எழுதிக் கொடுத்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாமா கொடுத்த கேசட்டைத் தொடவே இல்லை. அதிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த இரண்டாம் பிரதியை ஓட்டி, மூன்றாம் பிரதி எடுத்து அனுப்பினேன். உறையில் 'இரண்டாம் பிரதி' என்று எழுதினேன். மாஸ்டர் தேய்ந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். உண்மை அது அல்ல. நல்ல பிரதி என்னிடம் மட்டும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இன்னொருவரிடமும் அதே தெளிவில் இருந்தால் அப்புறம் எனக்கென்ன பெருமை?

பெரியவரிடமிருந்து பதில் வந்தது. 'படம் கிடைத்தது, இரண்டு தடவை பார்த்தேன், மிக்க நன்றி.' வேறொன்றும் இல்லை.

1996-இல் படிப்பு முடிந்து சென்னையில் ஒரு டி.வி. சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். கேசட்டுகள் எல்லாம் ஊரில் தகரப் பெட்டிக்குள். பூட்டிச் சாவியை என்னோடு கொண்டுபோய்விட்டேன்! மாமா கேசட்டும், அதன் இரண்டாம் பிரதியும் ஒரே பெட்டியில். ஐப்பசி, கார்த்திகை மழை, கடற்கரை ஈரம், காற்றே போகாத பெட்டி. 1997 பொங்கலுக்குப் போய்த் திறந்தேன். கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் நாடா விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பஞ்சு போட்டுத் துடைத்தேன். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிற ஹெட் டிரம்மில் பூஞ்சை அப்பி, படம் போய்ப் பனிதான் வந்தது. நாடா ஒட்டிக்கொண்டு ஓரிடத்தில் கிழிந்தது. இரண்டாம் பிரதிக்கும் அதே கதி.

எனக்குத் தெரிந்து மீதி இருந்தது ஒன்றே ஒன்று. பெரம்பூரில் இருந்த மூன்றாம் பிரதி.

போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பெரியவர் பிஸ்கட் டின்னில் இருந்து கேசட்டை எடுத்தார். அடியில் துணியில் முடிந்த அரிசி, ஈரம் இழுக்க.

"என் கேசட் போயிடுச்சு சார். பூஞ்சை புடிச்சிடுச்சு. இதுலேர்ந்து ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா?"

"நீ குடுத்ததுதானேப்பா, எடுத்துக்கோ."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "சார், இது மாஸ்டர்லேர்ந்து போட்டது இல்ல. பொய் சொல்லிட்டேன். மூணாவது காப்பி" என்றேன்.

அவர் சிரித்தார். "தெரியும்பா. முப்பது வருஷம் சிக்னல்ல இருந்தவன் நான். கண்ணாடி போட்டாலும் கண்ணு கண்ணுதான்."

"அப்ப ஏன் சார் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ எழுதறதையே நிறுத்திடுவ. சின்னப் பையன். லைட்டு சுத்தறது தெரிஞ்சுது. அது போதும் எனக்கு."

அன்று எடுத்த நான்காம் பிரதி இன்றும் என்னிடம் இருக்கிறது. பாறையும் தெரியாது, முகமும் தெரியாது. சாம்பல் மூட்டத்துக்குள் ஒரு வெளிச்சம் வந்து வந்து போகும். மாஸ்டரிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் தெளிவான பிரதி ஒன்று அந்தப் பிஸ்கட் டின்னில் எனக்காகவே காத்திருந்திருக்கும். என் கஞ்சத்தனத்தைத்தான் நான் திரும்பப் பதிவு செய்து கொண்டு வந்தேன்.

பெரியவர் இப்போது இல்லை. அந்தப் படமும் பின்னால் டிவிடியாகவே வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கினேன். பளிச்சென்று இருக்கிறது. முதல் தடவையாகப் பாறையைப் பார்த்தேன்! அவருக்குக் காட்ட முடியவில்லையே என்பதுதான்.

இன்றும் பழைய பிரிட்டிஷ் படங்கள் கண்டெடுக்கப்படும் செய்தி வந்தால் விடாமல் படிப்பேன். 1994-இல் பிளாக்பர்ன் நகரத்தில் ஒரு கடையின் நிலவறையில், உலோகப் பீப்பாய்களில் சுமார் 800 சுருள்கள் அகப்பட்டன. மிட்செல், கென்யன் என்ற இருவர் 1900-களின் ஆரம்பத்தில் ஆலைத் தொழிலாளிகளையும் தெருக்களையும் எடுத்த படங்கள் அவை. 'லவ், லைஃப் அண்ட் லாஃப்டர்' என்ற 1923-ஆம் வருடத்து மௌனப்படம் அடியோடு தொலைந்தது என்றே நினைத்திருந்தார்கள். 2014-இல் அது அகப்பட்டது லண்டனில் அல்ல; நெதர்லாந்தில், ஒரு சிற்றூர்த் தியேட்டரின் பழைய சுருள்களுக்கு நடுவே! சொந்த ஊரில் இருந்தது போய்விட்டது. வெளியூருக்கு அனுப்பிய பிரதி பிழைத்தது.

தம்பிகளே, தங்கைகளே! உங்களிடம் கேசட் இல்லை, டெக் இல்லை. ஆனால் நோட்ஸ் இருக்கிறது, பழைய கேள்வித்தாள் இருக்கிறது, ராத்திரி கண் விழித்துச் செய்த புராஜெக்ட் இருக்கிறது. பக்கத்து பெஞ்ச்காரன் கேட்டால், முக்கியமான பக்கத்தை மறைத்துக் கொண்டு மீதியைக் கொடுக்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. நானே செய்தவன், அதனால் சொல்கிறேன். கொடுப்பதாக இருந்தால் மாஸ்டரிலிருந்து கொடுங்கள். உங்கள் பெட்டியில் என்றைக்குப் பூஞ்சை பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.